எஞ்சினை நிறுத்தியபோது கேட்டது

காலை டிரிப்பில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னிடம் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிரைவர் மாமா, அந்த ரெண்டு அக்காவும் நெசமாவே நம்ம பஸ்ஸுலதான் மியூசிக் பண்ணுனாங்களா?" வண்டி ஓட்டிக்கொண்டே கதை சொல்ல முடியாது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டுவேன். அது உங்களுக்குப் போதவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் போடக் கூடாது என்று அக்காமார் இருவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த இருவரில் ஒருத்தி என் மகள். இன்னொருத்தி அவளோடு புதுக்கோட்டையில் காலேஜ் படித்த தோழி. ஆவூர்ப் பக்கத்துப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே மாதா கோவிலில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவள். அவள் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் வாங்கி அனுப்பிய லேப்டாப்தான் இருவருக்கும் மூலதனம்.

என் மகளுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் காதுக்கு எட்டுகிற எந்தச் சத்தத்தையும் விட்டுவைக்க மாட்டாள். வீட்டில் மிக்ஸி ஓடினால், "அம்மா, நிறுத்திராத, நிறுத்திராத" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பதிவு செய்வாள். இரும்புக் கேட்டு கிறீச்சிடுவது, குடத்தில் தண்ணீர் நிறைவது, ஆட்டுக் கழுத்து மணி எல்லாம் அவள் போனில் இருக்கும். அவள் சத்தம் சேர்ப்பாள். தோழி அதைச் சுரத்தில் உட்கார வைப்பாள். லேப்டாப்பில் அந்தச் சத்தங்களை நறுக்குவார்கள், இழுப்பார்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கடைசியில் பார்த்தால் கால் தானாக ஆடும். பாடுகிறவரும் இல்லை, தவில் அடிக்கிறவரும் இல்லை. அதுதான் கம்ப்யூட்டர் மியூசிக்.

என் வீட்டுக்காரிக்கு இது பிடிபடவில்லை. காலேஜ் முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு பேச்சு பேசினாள்.

"ஒரு வருசம் பண்ணிப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள ஒரு மேடையாச்சும் கெடைக்கணும். கெடைக்கலையின்னா ரெண்டு பேரும் பி.எட்டு சேந்துரணும். அப்பறம் அம்மா அது, அம்மா இதுன்னு இழுக்கக் கூடாது."

சிங்கப்பூரிலிருந்து தோழியின் அப்பாவும் போனில் அதையே சொன்னார். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள்.

லேப்டாப்பில் செய்த இசையைக் கேட்டுப் பார்க்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும். வீட்டில் ஏது? நான் ஓட்டுவதோ புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில் போகிற தனியார் பஸ். எங்கள் முதலாளிக்குப் பாட்டுப் பைத்தியம். கூரை முழுக்க ஸ்பீக்கர், பின்சீட்டுக்கு அடியில் பெரிய பெட்டி. உங்களுக்குத்தான் தெரியுமே. என் மகளுக்கு யோசனை வந்தது. முதலாளியிடம் கேட்டேன். "பாசஞ்சர் யாரும் சண்டைக்கு வராம இருந்தாச் சரி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பஸ்தான் அவர்களுக்குப் பரிசோதனைச் சாலை. பென் டிரைவை என்னிடம் கொடுத்துவிட்டு, மகள் பின்சீட்டுக்குப் போய்விடுவாள். தோழி எனக்குப் பின்னால் உட்காருவாள். யார் கால் ஆடுகிறது, யார் விரல் கம்பியில் தட்டுகிறது என்று இருவரும் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். யாராவது காதில் இயர்போனை மாட்டிவிட்டால் அந்த இடம் தோல்வி. இறங்கியதும் அந்த இடத்தைத் திருத்துவார்கள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆவுடையார்கோவிலுக்குப் பூக்கூடையோடு தினமும் வருகிற அம்மா ஒருவர் உண்டு. புதுக்கோட்டையில் ஏறியதிலிருந்து ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். அறந்தாங்கி வந்ததும் பொறுக்க முடியவில்லை.

"ஏப்பா டைவரு, மொதல்லேருந்து தட்டிக்கிட்டே வாராய்ங்களே, எப்பத்தான் பாட ஆரம்பிப்பாய்ங்க?"

கண்டக்டர் சும்மா இருப்பாரா? "பாடுறவுக அடுத்த ஸ்டாப்புல ஏறுவாக ஆத்தா. டிக்கெட்டு போட்டு வச்சிருக்கேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. என் மகள் பின்சீட்டில் முகத்தை மூடிக்கொண்டாள். தோழி மட்டும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லடி, அறந்தாங்கி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டாங்கள்ல?" என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

மாதங்கள் போயின. திருத்தித் திருத்தி ஓர் இசைத்துண்டு நன்றாக அமைந்துவிட்டது. அதைப் போட்டால் காலேஜ் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். உங்களைப் போன்றவர்கள், "மாமா, இன்னொரு தடவ!" என்பார்கள். பூக்கார அம்மாகூட பாடகரை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். அதைச் சென்னையில் ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். புதிதாக வரும் கம்ப்யூட்டர் இசைக்காரர்களை மேடையேற்றுகிறவர்கள். நேரில் வந்து போட்டுக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது.

நானும் கூடப் போனேன். ஏசி போட்ட ஹால். சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஒட்டியிருந்தார்கள். மூச்சு விட்டால்கூடக் கேட்கும், அப்படி ஓர் அமைதி. பிள்ளைகள் இசையைப் போட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே அது வேறு எதையோ போல இருந்தது. எங்கள் பஸ்ஸில் நெஞ்சை நிறைத்த இசை, அங்கே தகரத்தில் கல் விழுந்த மாதிரி கேட்டது.

தேர்வு செய்கிற அம்மாள் நல்ல மாதிரி. திட்டவில்லை.

"மேல எல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா அடியில ஒண்ணுமே இல்லையே. தரை போடாமலே மாடி கட்டுன மாதிரி இருக்கு."

"எங்க பஸ்ஸுல நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள் என் மகள்.

தேர்வுக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பையன்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "தேர்வு இன்னும் முடியலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணி அனுப்புங்க, கேக்கறேன்" என்றார்.

எதைச் சரி செய்வது? அதுதான் தெரியவில்லை. ரயிலில் திரும்பும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒப்புக்கொண்ட ஒரு வருடம் அந்த மாதத்தோடு முடிகிறது. வேறு மேடை எதுவும் கைவசம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் வாயத் தொறக்கல. சாப்பிடுங்க" என்று தோசையை வைத்தாள். அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். அதே இசையைப் போடச் சொன்னார்கள். போட்டேன். நிறைந்துதான் இருந்தது! ஒரு குறையும் இல்லை.

"இங்கிட்டு நல்லாத்தானே இருக்கு? அங்கிட்டு மட்டும் என்னடி ஆச்சு?" என்று தோழி பின்சீட்டைப் பார்த்துக் கிட்டத்தட்ட அழுதாள்.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட்டு போட்டிருந்தார்கள். ரயில் வர நேரமாகும் என்று வழக்கம்போல எஞ்சினை நிறுத்தினேன். மற்ற நாளில் இசையையும் சேர்த்து நிறுத்திவிடுவேன்; அன்று மறந்ததால் அது மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு கத்தல். "அப்பா!"

பயந்துபோய்த் திரும்பினேன். என் மகள் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வருகிறாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா!"

"கேட்டு போட்டிருக்குத்தா. எங்க போறது?"

"போக வேணாம். ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க!"

பண்ணினேன்.

"இப்ப நிறுத்துங்க!"

நிறுத்தினேன்.

"மறுபடி!"

பூக்கார அம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தா, வண்டி மக்கரா? எறங்கி நடந்துரவா?" என்றார். இரண்டு பிள்ளைகளும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டதா? எஞ்சின் ஓடும்போது இசை நிறைந்திருந்தது. நிறுத்தினால் சென்னையில் கேட்ட அதே தகரம். இத்தனை மாதமும் எங்கள் பஸ் எஞ்சினின் உறுமலைத்தான் அவர்கள் தங்கள் இசையின் அடிச்சுரமாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! முதலில் அவர்களும் அடிச்சத்தம் போட்டிருந்தார்களாம். பஸ்ஸில் அது எஞ்சினோடு மோதிக் குழம்பியதால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஹெட்போனில் கேட்கும்போது மெலிந்திருந்தால், அது ஹெட்போனின் கோளாறு, பஸ்ஸில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஹாலுக்கு எல்லாவற்றையும் கொண்டு போனார்கள், எஞ்சினைத் தவிர.

வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏதாவது ஓர் அடிச்சத்தத்தைப் போட்டு முடித்திருப்பார்கள். பிள்ளைகள் அப்படியும் போட்டுப் பார்த்தார்கள். "இது நம்ம தரை இல்லடி" என்றாள் தோழி. எஞ்சினையே பதிவு செய்வது என்று முடிவானது.

ஓடும் வண்டியில் முயன்றார்கள். என் காலடியில் மைக்கை வைத்துவிட்டு, "அப்பா, மூணாவது கியர்லயே போங்கப்பா, மாத்தாதீங்க" என்றாள் மகள். கண்டக்டர் கையைக் கூப்பினார். "ஆத்தா, பின்னாடி அடுத்த கம்பெனி வண்டி நெருங்குது. மூணாவது கியர்ல போனா நாம அவனுக்கு டிக்கெட்டு எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்." பதிவிலும் எஞ்சினைவிட அவர் பேச்சுதான் அதிகம் விழுந்திருந்தது.

கடைசியில், டிரிப் தொடங்கும் முன் காலையில் பஸ் நிற்கிற செட்டில் வைத்துப் பதிவு செய்தோம். எஞ்சின் மூடிக்கு மேல் என் வீட்டுக்காரியின் பழைய போர்வையை விரித்து மைக்கை வைத்தார்கள். மகள் என் எதிரில் நின்று கையை மெல்ல உயர்த்தினால் நான் ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். கையை இறக்கினால் விட வேண்டும். "அவசரப்படாதீங்கப்பா… இன்னும் மெதுவா… ஆங், அப்படியே பிடிங்க." இத்தனை வருடம் மிதித்த கால் அன்று புதிதாக லைசென்ஸ் வாங்கியவன் கால் போல அளந்து அளந்து மிதித்தது. தோழி கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து, எஞ்சின் எந்தச் சுரத்தில் உறுமுகிறது என்று கண்டுபிடித்தாள். "அப்பா, ஒங்க வண்டி சுருதி சுத்தமா இருக்கு!" என்றாள். எனக்கு அவார்டு வாங்கிய மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியான டிரிப். ஒற்றை விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரட்டை விசில் அடித்தால் போக வேண்டும். அதுதானே பஸ் சட்டம்? அன்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் எடுக்கவே இல்லை. அடித்துக்கொண்டே இருக்கிறார். நிறுத்தச் சொல்கிறாரா போகச் சொல்கிறாரா என்று தெரியாமல் ஓரங்கட்டினேன்.

"என்னாச்சு, யாராச்சும் விழுந்துட்டாகளா?" என்று ஆட்கள் எழுந்துவிட்டார்கள்.

"விழுகல, எந்திரிச்சுட்டாங்க!" என்று கண்டக்டர் போனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, நம்ம புள்ளைகளுக்கு மேடை கெடைச்சிருச்சுண்ணே! இந்தாங்க, பாப்பா லைன்ல இருக்கு!"

போனில் மகள் ஏதோ சொன்னாள். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டிய தட்டில் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பூக்கார அம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி ஸ்டியரிங்கில் சுற்றிவிட்டார்.

சென்னை மேடைக்கு என் வீட்டுக்காரியும் வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பிள்ளைகளும் லேப்டாப்புக்கு முன்னால் நின்றார்கள். ஆளுயரப் பெட்டிகளிலிருந்து எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆனது. முதல் கியர், இரண்டாவது கியர் போட்டது போல உறுமல் ஏறியது. அதன் மேல் ஆட்டு மணி, அதன் மேல் மாதா கோவில் கீபோர்டு. கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தது. அன்று சிரித்த பையன்களும் அந்தக் கூட்டத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். என் வலது கால் தரையைத் தானாக மிதித்தது. வீட்டுக்காரி என் தொடையில் தட்டி, "போதும், மெதுவாப் போங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

திரும்பும் வழியில் மகள், "அம்மா, பி.எட்டு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா பி.எட்டாம் பி.எட்டு. தூங்குடி" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பெங்களூர், கொச்சி என்று பல மேடைகள். ஒரு குறும்படத்துக்கும் இசை போட்டார்கள். இப்போது தோழியின் அப்பா இருக்கிற சிங்கப்பூரிலிருந்தே அழைப்பு வந்திருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மேடையில் ஜெயித்த அந்த இசையை ஊருக்கு வந்ததும் எங்கள் பஸ்ஸில் பெருமையாகப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பூக்கார அம்மா எழுந்து வந்தார்.

"ஏப்பா டைவரு, வண்டியில என்னமோ சத்தம் கூடுதலா வருது. மெக்கானிக்கிட்டக் காட்டிட்டு ஓட்டு."

பின்சீட்டில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எஞ்சினுக்கு மேல் எஞ்சின் அல்லவா ஓடுகிறது! அன்றைக்கே உட்கார்ந்து, எஞ்சின் இல்லாத பழைய இசையை ஒரு பென் டிரைவில் ஏற்றி என் கையில் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்கிறார்கள். ஒன்று ஊர் உலகத்துக்கு. இன்னொன்று நமக்கு. நீங்கள் காலையில் கேட்பது அந்த இரண்டாவது. அதை வேறு எங்கே போட்டாலும் பாதிதான் கேட்கும். மீதியை நான் மிதித்துக்கொண்டு வருகிறேன்.