சாம்பசிவனின் பதினைந்து நாள் பிரேக்

செம்பாக்கம் சாம்பசிவன் பத்தொன்பது வருடம் எங்கள் தியேட்டரில் ஜெனரேட்டர் ஓட்டினான். அதே தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஒரு நிமிடத்துக்குள் படம் மறுபடி ஓட வேண்டும். எஞ்சினுக்கு பேட்டரி செத்துப் பல வருடம். கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சாம்பசிவன் சுற்றினால் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். வேறு யார் சுற்றினாலும் கைப்பிடி திருப்பி அடிக்கும். டார்ச் அடித்து சீட் காட்டுகிற அசரியாவுக்கு ஒரு முறை மணிக்கட்டு தேங்காய் அளவு வீங்கிவிட்டது.

ஜெனரேட்டர் ரூம் தியேட்டருக்குப் பின்னால், கக்கூஸ் சுவரையும் தாண்டி இருந்தது. எஞ்சின் கிளம்புகிற நேரத்தில் தியேட்டருக்குள்ளிருந்து 'ஹோ' என்று ஒரு சத்தம் வரும்.

"கைதட்றாங்கோ மச்சான்" என்பான்.

நான் சைக்கிள்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

தொண்ணூற்றேழில் வேளச்சேரி ரோட்டில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று கண்ணாடிக் கட்டடம் கட்டியது. அதற்கு ஆள் சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் எலியேசர் ஒரு நாள் ஸ்டாண்டுக்கே வந்தார்.

"இங்க வாங்கறதுல ரெண்டு மடங்கு சம்பளம். ஞாயித்துக்கிழமை லீவு. யூனிபார்ம், ஷூ எல்லாம் உண்டு" என்றார்.

"பர்மனென்டா சார்?" என்று சாம்பசிவன் கேட்டான்.

"கம்பெனி பர்மனென்ட்பா. எங்கியும் போவாது."

சாம்பசிவன் ஒரு வாரம் யோசித்தான். அவன் மனைவி சுந்தரவல்லி யோசிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரு கம்ப்யூட்டர் கம்பெனில சேந்துட்டாரு" என்று முதல் நாளே தெருவில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சேராமல் இருக்க முடியவில்லை.

கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு நீல அட்டை. இவனுக்கு மஞ்சள். அதில் கம்பெனி பேர் இல்லை, எலியேசர் பேர் இருந்தது. கேன்டீனில் நீல அட்டைக்கு ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, மஞ்சள் அட்டைக்கு இரண்டேகாலுக்கு. சாம்பார் ஒன்றுதான். காய் மட்டும் ஒன்றரை மணியோடு போய்விடும்.

அங்கே ஜெனரேட்டர் லாரி அளவு. கரண்ட் போனால் தானே கிளம்பும், வந்தால் தானே நிற்கும். நடுவில் இருக்கிற சில விநாடிகளை பேட்டரி பார்த்துக்கொள்ளும். சாம்பசிவன் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கு ஒரு முறை மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டாவது வாரம் கரண்ட் போனபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்விட்சை மேனுவலுக்குத் திருப்பித் தன் கையாலேயே கிளப்பினான். பிறகு ஸ்விட்சைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தான். கரண்ட் வந்த பிறகும் மூன்று மணி நேரம் ஓடியது. இன்ஜினியர் தட்சிணாமூர்த்தி வந்துவிட்டார்.

"மேனுவல்ல ஏம்பா போட்ட?"

"ஆட்டோவ எப்டி சார் நம்பறது?"

"நாங்க அதைத்தான் நம்பறோம். உன்னை வெச்சிருக்கிறது ரூல்ஸுக்காக."

இதை அவனே என்னிடம் சொன்னான். "ஐநூறு பேரு கீறாங்கோ மச்சான். கரண்ட் போச்சுன்றதே ஒர்த்தனுக்கும் தெரியல."

ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தான். தாம்பரத்துக்காரனாக இருந்தும் வண்டலூர் ஜூவை அப்போதுதான் முதல் முறை பார்த்தான். புலி படுத்துக் கிடந்ததாம். "அதுக்கும் நம்ம வேலதான்" என்றான்.

இருநூற்று முப்பத்தைந்தாம் நாள் எலியேசர் அவனிடமிருந்து மஞ்சள் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பதினஞ்சு நாள் பிரேக். வூட்ல இரு. அப்பால புதுசா சேரு."

"இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணியும் இல்லபா. எரநூத்தி நாப்பது நாள் ஆச்சுன்னா நீ பர்மனென்ட் கேப்ப. அதான் முன்னாடியே நிறுத்திடறது. எல்லாருக்கும்தான்."

அவன் சும்மா இருப்பது தியேட்டர் முதலாளி ராஜகோபாலுக்கு எட்டியது. எட்டு மாதமாக அசரியாதான் எஞ்சினோடு போராடிக்கொண்டிருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"திரும்பி வரச் சொல்லுய்யா. பர்மனென்ட்னு லெட்டரே தரேன். வெள்ளிக்கிழமை புதுப் படம், அதுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா பெருங்களத்தூர்ல ஒருத்தன் ரெடியா இருக்கான்."

போய்ச் சொன்னேன். சாம்பசிவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"பேஜாரா கீது மச்சான். தியேட்டர்ல நான் இல்லாட்டி படமே இல்ல. அங்க நான் இருந்தாலும் இல்லாங்காட்டியும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா, சம்பளம் ஜாஸ்தி வர்ற எடத்துல இல்லாம இரு" என்றாள் சுந்தரவல்லி.

புதன்கிழமை மேட்னிக்கு மூன்று டிக்கெட் நான்தான் எடுத்தேன். பழைய இடத்தைப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வருவான் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அவன் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்து ஒரு படம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

பாதி படத்தில் கரண்ட் போனது.

முதலில் விசில். பிறகு சீட்டைத் தட்டினார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல் ஜெனரேட்டர்காரனின் அம்மாவை விசாரித்தது. பின்வரிசையில் ஒருவன் அதற்குப் பதில் சொன்னான். அப்புறம் தியேட்டரே அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசியது.

"அசரியாவயா திட்றாங்கோ?" என்று சாம்பசிவன் என் காதில் கேட்டான்.

"எவன் இருந்தாலும் இதான்."

"நான் இருக்க சொல்லோவும் இதானா?"

"நீ சீக்கிரம் கெளப்பிடுவ. அதனால கம்மியா திட்டுவாங்கோ."

"அப்ப அந்தக் கைதட்டு?"

"வாயத் தொறந்தவன் டக்குனு மூட முடியுமா? லைட்டு வந்தப்புறமும் கொஞ்ச நேரம் அந்தத் திட்டுதான் ஓடும்."

இருட்டில் சுந்தரவல்லி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "அத்தையத்தானே சொல்றாங்கோ. அவங்க போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. உடுய்யா."

பத்து நிமிடம் ஆகியும் எஞ்சின் பிடிக்கவில்லை. சாம்பசிவன் எழுந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தான். போய்க் கிளப்பப் போகிறான், இனி இங்கேதான் என்று நினைத்தேன்.

"யோவ், உக்காருயா. மறைக்குது" என்றான் பின்னால் இருந்தவன்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் இருட்டாகத்தான் இருந்தது. ஆனாலும் சாம்பசிவன் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் அவனே முதலாளியிடம் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். காரணம் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றானாம்.

பிரேக் முடிந்த அன்று என் டிவிஎஸ் வண்டியில் நானே அவனை எலியேசர் ஆபீசில் கொண்டுபோய் விட்டேன். எலியேசர் புது ஃபாரம் எடுத்துப் பேர், வயது எல்லாம் எழுதினார். 'முன் அனுபவம்' என்று இருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"சார், தியேட்டர்ல பத்தொம்போது வருசம் கீது. அத்தோட இங்கியே எட்டு மாசம்."

"எட்டு மாசத்த எழுதினா பிரேக் குடுத்ததே வேஸ்ட்டா பூடும்பா. தியேட்டர எழுதினா, அத்த எதுக்கு உட்டேன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவ?"

சாம்பசிவன் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு பேனாவை வாங்கி, இனிஷியலோடு, தெளிவாகக் கையெழுத்துப் போட்டான்.