உறமோர் கணக்கில் கலந்த ரெசின்

பண்டாரவளையில் எங்கள் கடையின் பின்னறையில்தான் என் ரெசின் வேலை. கல்யாண மாலைகளைக் காயவைத்து, கண்ணாடி போல இறுகும் பசைக்குள் பதித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பேன். கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்தது கல்யாண மாலை அல்ல, மகள் பெரியவளானபோது போட்ட சடங்கு மாலை. சடங்கு முடிந்து சில மாதத்திலேயே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. மாலை நாரில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது.

“பூ போனாப் போகுதும்மா. இந்த முடிய மட்டும் விட்றாதீங்க. அவகிட்டயிருந்து எனக்கு மிச்சம் இதுதான்.”

இரண்டு பங்கு ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு. மாலையை அச்சில் அடுக்கிவிட்டு நான் கடைப்பக்கம் போன நேரத்தில், என் வீட்டுக்காரரின் அக்கா தானே கலந்து ஊற்றிவிட்டார். கேட்காமல் கைவைப்பது அந்த நாத்தனாருக்குக் கைவந்த கலை. ஹார்ட்னரை வேறு தாராளமாக விட்டிருந்தார்.

“இந்தக் குளிருக்கு உறமோர் கூட விட்டாத்தானே தயிரே உறையுது. இதுவும் அப்படித்தானே?”

தயிருக்குச் சரி. ரெசினில் ஹார்ட்னர் கூடினால் இறுகவே இறுகாது. பல்பை எரியவிட்டுச் சூடு காட்டியும் பலாப்பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. மேலே புதிதாக ஊற்றினாலும் அடி பிசுபிசுவென்றே கிடக்கும். சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். பூக்களில் பாதி கந்தலாயின. முடி அந்தப் பசையோடு எங்கோ போய்விட்டது. தேடித் தேடி எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“செத்தவ முடிய வச்சிருந்தா குடும்பம் வெளங்குமா? போனது நல்லதுக்குத்தான்,” என்றார் நாத்தனார். அவரை அறைந்தால் என்ன என்று தோன்றியது.

“அந்தம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிருவேன் மதினி,” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை மேசையில் முடி இருந்தது.

“பசையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கழுவி வச்சேன்,” என்றார். என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. அவருக்குத் தேத்தண்ணி கூட ஊற்றிக் கொடுத்தேன். இம்முறை தராசில் நிறுத்து, நிதானமாகக் கலந்து ஊற்றினேன். கல்லாக இறுகியது. அத்தனை தெளிவாக அதற்கு முன் எதுவும் எனக்கு வந்ததில்லை.

அந்த அம்மா வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒங்க மக முடி எப்படி மின்னுது பாருங்க,” என்றார் நாத்தனார்.

முடி நெடுக ஊர்ந்துபோன அந்த அம்மாவின் விரல் வேர்ப்பக்கம் நின்றது.

“எம்புள்ளைக்குப் பதிமூணு வயசும்மா. நரைக்கிற வரைக்கும் அவ இருக்கலையே.”

குனிந்து பார்த்தேன். வேரில் ஒரு நெல்லளவு வெள்ளை, மீதியெல்லாம் சாயக் கறுப்பு. எங்கள் வீட்டில் தலைக்குச் சாயம் போடுகிற ஆள் ஒருவர்தான். அவர் கை தானாகவே வகிட்டை மூடியது.

அந்த அம்மா நாத்தனாரின் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அப்ப எம்புள்ளையோடது எங்கம்மா?”

முடிதான் கிடைத்துவிட்டதே என்று, சுரண்டிய பசையை நான் எப்போதோ குப்பை லொறியில் போட்டுவிட்டிருந்தேன்.