ஜெபமலர் பிடுங்கிய வயர்

கொத்தனார் வேலைக்கு வந்த கணவனோடு ராதாபுரத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவள் ஜெபமலர். இரண்டு வருடம் ஜவுளிக்கடையில் சேலை மடித்தாள். சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் படித்தாள். இப்போது சாலைக் கடைத்தெருவில் பத்மகுமார் நடத்தும் டைப்பிங் கடையில் எல்லாமே அவள்தான்.

வெளியிலிருந்து வரும் பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்கமாட்டாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் அன்றைய வேலையை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, அதைக் கழற்றி அலமாரியில் பூட்டுவாள். "அதுக்குத் தாலாட்டும் பாடிட்டுப் போ" என்பார் பத்மகுமார்.

போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. கல்லாற்றுத் தவளைகளை ஐந்து வருடம் ஆராய்ந்த ஜானவி, மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கடைசி வாரத் திருத்தங்களை ஜெபமலர்தான் அடித்திருந்தாள். அவை ஜானவியிடம் இல்லை. அச்செடுக்க அவள் கடைக்குள் நுழைந்த நேரம், பத்மகுமார் ‘பில்’ என்று வந்த மின்னஞ்சலில் இருந்த கோப்பைத் திறந்தார்.

"ஜெபமலரே, இது எந்தா? ஃபைல் பேரெல்லாம் தன்னால மாறுதே!"

ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய திரையிலும் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியிருந்தன. ஒரே பாய்ச்சலில் போய் இரண்டு கணினிகளையும் இணைத்திருந்த நெட் வயரைப் பிடுங்கினாள். அடுத்த நொடி இரண்டு கணினிகளின் பிளக்கையும் உருவினாள்.

"என் தீசிஸ்?" என்றாள் ஜானவி.

"டிஸ்க்ல இருக்கு."

"அப்ப இதுலயே சொருகுங்கக்கா, சீக்கிரம்!"

"சொருகினா வைரஸ் அதையும் தின்னுரும். வா எங்கூட!"

அலமாரியைத் திறந்து டிஸ்கை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அரிசி மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். அங்கும் அவள் அவசரப்படவில்லை. முதலில் அந்தக் கணினியை ஸ்கேன் செய்தாள், பிறகு டிஸ்கை. நாற்பது நிமிடம். ஜானவிக்கு உட்காரவே முடியவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலுக்கும் திரைக்குமாக நடந்தாள்.

கோப்பு திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நேற்று மாலை சேர்த்த கடைசி வரி வரைக்கும் அப்படியே இருந்தது.

"வந்தாச்சு!" என்று ஜெபமலர் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஜானவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அச்சு, பைண்டிங், ஆட்டோ. மூன்றே முக்காலுக்கு போன் வந்தது: "கொடுத்துட்டேன்க்கா!"

கடையின் இரண்டு கணினிகளையும் முழுக்க அழித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை காலை அடித்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் போயின. ஜெபமலர் அவற்றைப் புதிதாக அடித்தாள். திங்கட்கிழமை பத்மகுமாருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மவுஸின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஜெபமலரே, இதைத் திறக்கலாமா?"

"அனுப்பினவருக்கு முதல்ல போனைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள். அவர் போட்டார்.