வாங்கிய விளையாட்டில் வைத்த மணிக்கூடு

அந்த விளையாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதற்கு இலவச விளம்பரம் செய்ய எனக்கு மனமில்லை. வணிகக் கப்பல்களும் தீவுகளும் துறைமுகங்களும் உள்ள ஒரு பலகை விளையாட்டு என்று அறிந்தால் போதும்.

உப்புவெளியில் ஓர் உதவி நிறுவனத்தின் கந்தோரில் நான் வேலை செய்த காலத்தில், நாடு திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதன் பெட்டியை அலுமாரியில் விட்டுப் போயிருந்தார். மூதூரிலிருந்து வேலைக்கு வரும் என் தோழிதான் அதைப் பிரித்து, விதிகளை வாசித்து விளங்கி, எனக்கும் சொல்லித் தந்தார். மத்தியானச் சோற்றைக் கெதியாக முடித்துவிட்டு நாங்கள் கப்பல் ஓட்டுவோம். அவர் ஒவ்வொரு முறையும் வெகுநேரம் யோசிப்பார். கடைசியில் வெல்வதும் பெரும்பாலும் அவராகவே இருக்கும். பிறகு அந்த நிறுவனம் கந்தோரை மூடிப் போய்விட்டது. பெட்டிக்கு என்ன நடந்ததென்று இருவருக்கும் தெரியாது.

சில வருடங்கள் கழித்து, அதே விளையாட்டு கைபேசிக்கு வந்திருப்பதைக் கண்டேன். அன்றே வாங்கினேன். தோழிக்கும் சொல்லி வாங்க வைத்தேன். வாங்கித் திறந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்த தீவுகளில் பாதியை அதைச் செய்தவர்கள் தனியாக விற்கிறார்கள் என்று. அப்போதே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீவுகளையும் வாங்கினோம். நான் திருகோணமலையில், அவர் குடாவுக்கு அக்கரையில், மூதூரில். காலையில் அவர் ஒரு கப்பலை நகர்த்துவார், சமையல் முடிந்ததும் நான் ஒன்றை நகர்த்துவேன். அந்த வேகமே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பினாலும், சொல்லைத் தேடி எடுக்க நேரம் எடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில வாரங்களில், ஒரு நாள் என் கைபேசியில் அவருடைய கப்பல் ஒன்று நகர்ந்தது. இடது கை விரலால் நகர்த்தியிருக்கிறார். நல்ல நகர்வு. என் மிளகுத் துறைமுகத்துக்கு வாசலை அடைத்துவிட்டார். குசினியில் நின்று நான் அழுதேன்.

அதன் பிறகு மாதக்கணக்காக நன்றாகத்தான் போனது. பிறகு அவர் ஆட்டம் திடீரென்று கெட்டது. வெறும் கப்பலைக் கரையிலேயே விட்டு வைப்பார், கையிலிருந்த சரக்கைக் கடலில் கொட்டுவார். பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது களைப்பாக இருக்கிறதென்றார். சலித்துப்போயிருக்கும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

உண்மை தெரிந்தது எனக்கு அதே வினை நடந்தபோது. பழகிய ஆளில்லாமல், முகம் தெரியாத யாரோ ஒருவருடன் விளையாடிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்க, இறக்கி வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் கப்பல் இடம் மாறியிருந்தது. தேடிப் பார்த்ததில், விளையாட்டைப் புதுப்பித்தபோது அவர்களாகவே ஒரு மணிக்கூட்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். உங்கள் முறையைத் திறந்து சிறிது நேரத்துக்குள் நகர்த்தாவிட்டால், உங்களுக்குப் பதிலாக இயந்திரமே நகர்த்திவிடும். அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கோ ஒரு மூலையில், எறும்பெழுத்தில் கிடந்தது.

உடனே தோழிக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப... அது நான் ஆடினது இல்லையா?” என்றார்.

“இல்லை. அந்தக் கோதாரி மெசின் ஆடினது.”

“நான் என்ட மூளை பழுதாப்போச்செண்டு நினைச்சன்,” என்றார். “வைக்காத இடத்தில கப்பல் நிக்கும். நான்தான் வச்சிட்டு மறந்திட்டன் எண்டு... மகனுக்கும் சொல்லல்ல.”

இத்தனை நாளும் அந்தப் பயத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். இன்னொரு முறை வாதம் வரப்போகிறதென்று இரவில் நித்திரை கொள்ளவில்லையாம். யாரோ எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்து, ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று முடிவெடுத்ததற்கு, மூதூரில் ஒரு மனுஷி தன் புத்தியையே சந்தேகித்துக் கிடந்தாள்.

விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஆங்கிலத்தில், கோபத்தை அடக்கி, நோயாளியின் நிலைமையைச் சொல்லி எழுதினேன். என் அனுபவம் தங்களுக்கு மிக முக்கியம் என்றும், பெரும்பாலானோர் வேகமான ஆட்டத்தையே விரும்புகிறார்கள் என்றும் பதில் வந்தது. மணிக்கூடு இல்லாத பழையதைத்தானே நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், அதைத் திருப்பித் தாருங்கள் என்று மறுபடியும் எழுதினேன். நாங்கள் வாங்கியது விளையாட்டை அல்லவாம், விளையாடும் அனுமதியை மட்டும்தானாம். சந்தையில் கதிரை வாங்கி வந்தவன் வீட்டுக்குள் கடைக்காரன் நுழைந்து, ஒரு காலை அறுத்துவிட்டு, நீ வாங்கியது அதில் உட்காரும் அனுமதியைத்தான் என்று சொன்னால் ஊர் சும்மா விடுமா?

என் கணவர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, “வேற ஒண்டை இறக்கி விளையாடுங்கோவன், இதுக்கேன் இவ்வளவு கதை?” என்றார். அன்று அவருடன் நான் பேசவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது தோழிதான். ஒரே கைபேசியை இருவர் மாற்றி மாற்றி வைத்து விளையாடினால் மணிக்கூடு ஓடுவதில்லை என்று, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து அறிந்திருக்கிறார். பழுதான மூளை செய்யும் வேலையா அது?

அடுத்த சனிக்கிழமை மூதூர் பஸ் ஏறினேன். வெளி விறாந்தையில் கதிரை போட்டுக் காத்திருந்தார். மருமகள் தேத்தண்ணியும் தொதலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமி நேற்றிலிருந்தே ஆயத்தம் என்றாள். தோழி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். தேத்தண்ணி ஆறியது. தெருவில் மீன்காரர் வந்து, விற்று, போனார்.

“அவசரமா?” என்று கேட்டார் ஒருமுறை.

“இல்லை. நீங்கள் யோசியுங்கோ.”

இடது பெருவிரல் மெல்ல நகர்ந்தது. நான் இரண்டு முறை சுற்றி வந்தும் காணாத ஒரு வழியால் அவர் கப்பல் உள்ளே நுழைந்தது. பின்னேரத்துக்குள் நான் தோற்றேன். அந்தத் தோல்வி இனித்தது என்று எழுதினால் பொய். தொதல் இனித்தது, நிறையத் தந்தும் விட்டார்கள்.

இப்போது முடிந்த சனிக்கிழமைகளில் போகிறேன். ஆனால் என் கோபம் தணியவில்லை. போக ஏலாத வாரங்களும் உண்டு. அந்த வாரங்களில் அவருடைய கப்பல்கள் அசையாமல் கிடக்கின்றன. இதற்கிடையில் புதுப்பிக்கச் சொல்லிக் கைபேசி நாளுக்கு நாள் நச்சரிக்கிறது. எதைப் பிடுங்கப் போகிறார்களோ தெரியாது. அந்தப் புதுப்பிக்கும் பொத்தானை நான் அமத்துவதாக இல்லை.