பாய்மரப் படகில் பால் காய்ச்சிய நாள்

பாம்பனில் நாங்கள் ஒன்பது நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். எங்கள் பாய்மரப் படகு முப்பத்தாறு அடி நீளம். ரயில் பாலத்தைத் தூக்கினால்தான் அதன் பாய்மரம் இடிக்காமல் அந்தப் பக்கம் போக முடியும். துறைமுக அலுவலகத்தில் கேட்டால் இன்னும் நாலைந்து படகுகள் சேரட்டும் என்றார்கள். சேரவில்லை. கொச்சியிலிருந்து புதுச்சேரிக்கு அவசரமாகக் கிளம்பிய என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தூண்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் இந்தப் பழைய படகை வாங்கி என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"உனக்கென்னடி, ராணி மாதிரி சுத்துற" என்று போனில் சொல்லும் தோழிகளை ஒரு வாரம் இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். ஓடுகிற படகைவிட நிற்கிற படகில்தான் வேலை அதிகம். எழுந்ததும் மேல்தளத்தில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். கக்கூஸுக்குத் தண்ணீர் கையால் பம்பு அடிக்க வேண்டும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் ஒரே ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். படகின் தொட்டி இருநூறு லிட்டர். அதை வைத்துத்தான் குடிப்பது, சமைப்பது எல்லாம். குளியல் என்றால் கடலில் ஒரு முங்கு, மேலே ஒரு செம்பு.

பாம்பனிலிருந்து என் பிறந்த ஊர் அப்படியொன்றும் தூரமில்லை. நயினார்கோவில் பக்கம். ஆனாலும் என் அண்ணனைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் பங்குக்கு வந்த மிளகாய்க் கொல்லையை விற்றுத்தான் இந்தப் படகு வாங்கினோம். அன்றைக்கு அண்ணன் முற்றத்தில் நின்று சொன்னார்: "நெலத்த வித்துக் கடல்ல போடுறியா? இனி ஒன் வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்." நானும் வாயை மூடிக்கொண்டு வரவில்லை. "குடிக்க வேணாம், போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்ன வாய் அன்று ராத்திரியே அழுதது.

ஏழாம் நாள் அண்ணன் மனைவி, என் மதினியிடமிருந்து போன். "வீடுன்னு ஒண்ணு வாங்கிட்டு பால் காய்ச்சாம இருக்கியேத்தா. நாளைக்கு நல்ல நாள், நாங்க வாரோம்." அண்ணனும் வருகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் தங்கச்சிமடத்துக்காரர் ஒருவரின் வள்ளத்தில் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். மதினி, அவர் தங்கைகள், பிள்ளைகள். அரிசி, தேங்காய், வாழையிலை, பூசணிக்காய், பால், குத்துவிளக்கு. அண்ணன் இல்லை. "கரையில வேன்லயே இருக்காக. கூப்பிட்டுப் பாத்தேன், அசையல" என்றார் மதினி.  ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கீழே இறங்கினேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. படகின் பின்பக்கம், கடலில் குளித்து ஏறினால் உப்பைக் கழுவ, தொட்டித் தண்ணீரை மோட்டார் இழுத்துத் தரும் ஒரு கைக்குழாய் உண்டு. மதினி அதைப் பார்த்துவிட்டார். பால் காய்ச்சும் வீட்டுக்குள் கால் கழுவாமல் நுழைவார்களா? ஏழு பேரும் கால் கழுவினார்கள். பிறகு முகம். பிறகு இலை, விளக்கு, தேங்காய், பூசணிக்காய். கடைசியில் சுபகாரியத்துக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று மேல்தளத்தையே கழுவிவிட்டார்கள். எங்கள் ஜனங்களுக்குக் குடிதண்ணீரின் அருமை தெரியாமல் இல்லை, குடத்தோடு நின்ற பிறவிகள்தான். ஆனால் குழாயைத் திறந்ததும் கொட்டினால், அது எங்கிருந்தோ வரும் காவிரித் தண்ணீர் என்ற நினைப்பு. சொல்லிவைக்காதது என் குற்றம்.

கீழே மோட்டார் வெறுங்காற்றை இழுத்து இரைந்தது. என் வீட்டுக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பால் பொங்கியது, ஆனால் சோறு வைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மதினி கையை உதறிக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார். "ஏங்க, ஒங்க தங்கச்சி போட்டுல குடிக்கத் தண்ணி இல்லைங்க. புள்ளைக தவிச்சுப்போயி நிக்குதுக." மறுபக்கம் என்ன பதில் என்று தெரியவில்லை. "போன வச்சுட்டாக" என்றார்.

ஒரு மணி நேரம் போனது. நான் எட்டிப் பார்க்காத திசையில்லை. வள்ளம் தெரிந்தது. அதில் எட்டு தண்ணீர் கேன்கள், நடுவில் ஒரு வெள்ளை வேட்டி. கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காத என் அண்ணன், கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கேன்களைக் கட்டிப்பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ஏறியதும் அண்ணன் யாரையும் பார்க்காமல், "கேன எறக்க ஆளு வேணும்ல மாப்ள, அதான் வந்தேன்" என்றார். எல்லா கேனையும் அவரே தூக்கித் தொட்டியில் ஊற்றினார். "எம்புட்டுப் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஊற்றி முடித்ததும், பாய்மரக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

கீழே போய்க் கடுங்காப்பி போட்டேன். டம்ளரோடு மேலே வந்தேன். நீட்டினேன். வாங்கவில்லை. பாலத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இது எந்தத் தண்ணி?"

"நீங்க கொண்டாந்த தண்ணிதாண்ணே."

திரும்பி டம்ளரைப் பார்த்தார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கருப்பட்டியும் காப்பித்தூளும் என் வீட்டு டப்பாவில் இருந்தவை. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.