தேதி கொடுத்தாகிவிட்டது

ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாள், திருக்காட்டுப்பள்ளி வீட்டில் துவைக்க எடுத்த கணவரின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. சர்க்கரை நோய்க்கானது. மூன்று நாளாக நான் அவருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் மறுக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். "எப்பலேர்ந்துங்க இது?" என்று கேட்டேன். "மூணு வருஷமாச்சு. நீ ஊர்ல இருக்கறப்ப சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

பட்டிமன்ற நடுவராக என்னைப் பலருக்குத் தெரியும். இல்லறம் இனிக்கக் காரணம் கணவனா, மனைவியா என்று முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்த் தீர்ப்புச் சொன்னவள். ஊருக்குத்தான் உபதேசம். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, நான் வரும் நாளில் மட்டும் இரண்டு தட்டு எடுத்து வைப்பார். மகன் துபாயில். எனக்கோ புடவை மாற்றிப் பெட்டி அடுக்க மட்டும் வீடு.

அந்த மாதங்களில்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே நான் பேசத் தொடங்கினால் குரல் மேடைக்கு ஏறிவிடும். அவர் கரண்டியால் டம்ளரைத் தட்டி மணி அடிப்பார். "நேரம் முடிஞ்சிடுச்சு நடுவரே. இங்க மைக்கும் இல்ல, நான் ஒருத்தன்தான் இருக்கேன்." வெளியே ஜனங்கள் வேலையில்லாமல் தவித்தார்கள்; செத்தவர்களைத் தூக்க நாலு பேர் வரவில்லை. அந்தக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனாலும் இருந்தேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் தெருக்கோடி வாய்க்காலுக்கு வந்த காலையில் கூப்பிட்டுக்கொண்டு போனார். காவிரியைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் முழங்கியிருக்கிறேன். முதல் தண்ணீர் வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை. காய்ந்து வெடித்த தரையில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. முகக்கவசத்தோடு இருவரும் அதன் கூடவே மதகு வரைக்கும் நடந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். தெருவில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மறு வருடமும் போனோம்.

அதற்கடுத்த வருடம் மேடைகள் திரும்பி வந்தன. விட்டதையெல்லாம் பிடிப்பது போல் கேட்டவர்களுக்கெல்லாம் தேதி கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. ஒருநாள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "தண்ணி வர்றப்ப இருப்பியா?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"தேதி கொடுத்துட்டேங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா இருக்கேன்" என்றேன்.

"சரி" என்றார்.

அந்த மார்கழியில், மாரடைப்பில் போய்விட்டார். இப்போது தண்ணீர் வரும் மாதத்தில் யாருக்கும் நான் தேதி கொடுப்பதில்லை. வாய்க்கால் கரையில் போய் நிற்கிறேன். கைப்பேசியில் அவர் கடைசியாக எடுத்த வீடியோ படம் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் மேடையேறப் போகும் நேரத்தில் அனுப்பியது. தண்ணீர் நகர்ந்து வருகிறது, அவர் கூடவே நடந்துகொண்டு பேசுகிறார். "இதோ பாரு, நம்ம மதகு வந்தாச்சு. உனக்காக மெதுவாத்தான் நடக்கறேன்." ஐந்து நிமிடப் படம். அன்று அரை நிமிடம்தான் பார்த்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மேடைக்குப் போய்விட்டேன்.