படகின் கால்களுக்கு ஒரு குளியல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். படகு ரிப்பேர் வேலையில் அது ஒரு வசதி. பொம்பளை வந்திருக்கிறாளே என்று யோசிப்பவர்கள் கூட இரண்டு வார்த்தை கேட்டதும் வழிவிட்டுவிடுவார்கள். ராயபுரத்தில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் துறைமுகப் படகுகளின் எலக்ட்ரானிக் ஸ்டியரிங்கைப் பார்ப்பது என் வேலை. திருவொற்றியூரில் வீடு. காட்டுப்பள்ளிக்கு ஸ்கூட்டியில் கிளம்பினால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாதி உயிர் போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் எந்தப் படகிலும் ஏறுவேன்.

நான் பார்க்கும் படகுகளுக்குச் சுக்கான் கிடையாது. அடியில் இரண்டு கால்கள் தொங்கும். அதற்குப் பாட் என்று பெயர் உண்டு, ஆனால் வேலை செய்கிற எல்லோரும் கால் என்றுதான் சொல்வோம். காலின் நுனியில் ப்ரொப்பெல்லர் இருக்கும். கால் திரும்பினால் படகு திரும்பும். ஓட்டுநர் பிடிக்கும் சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவே கம்பியோ சங்கிலியோ எண்ணெய்க் குழாயோ எதுவும் இல்லை. சக்கரத்தைச் சுற்றினால் வயர் வழியாகச் செய்தி போகும், காலின் மேல் உட்கார்ந்திருக்கும் மோட்டார் அதைக் கேட்டுத் திருப்பும். செய்தி போகவில்லை என்றால் கால் நின்ற கோணத்திலேயே நின்றுவிடும். சக்கரம் மட்டும் கையில் சும்மா சுற்றும், பொம்மைக் கார் மாதிரி.

காட்டுப்பள்ளியில் ஒரு படகு இப்படி இரண்டு முறை நின்றது. கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட்டை ஏற்றிப்போகிற படகு அது. இரண்டு முறையும் காலை முதல் ஓட்டத்தில்தான் நின்றது. நான் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும், அதற்குள் எல்லாம் சரியாக வேலை செய்யும். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தால், இடது காலோடு தொடர்பு விட்டுப்போனது என்று மட்டும் காட்டும். ஏன் விட்டது, எப்படித் தானே வந்தது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

படகுக் கம்பெனி மேனேஜருக்கு அதெல்லாம் வேண்டாம்.

"மெஷின் தப்பா, ஆள் தப்பா? அதை மட்டும் சொல்லுங்க மேடம். மெஷின்னா மாத்திக்கலாம். ஆள்னா ஆளை மாத்திடுவோம்."

ஆள் என்றது ஓட்டுநரை. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். ஃபைபர் படகும் அதன் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜினுமாக வளர்ந்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி இந்தச் சக்கரத்துக்கு வந்தவர். இந்த வேலையை நம்பித் தன் ஃபைபர் படகை விற்றுவிட்டார். முகத்துவாரத்தில் மீனும் முன்னைப்போல் இல்லை. அவர் இனி எங்கே போவார் என்று மேனேஜர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டிய வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

அதனால் மூன்றாவது தடவை வரட்டும் என்று காத்திருக்காமல், காலை முதல் ஓட்டத்தில் நானே ஏறிக்கொண்டேன். பைலட் இல்லாமல் வெள்ளோட்டம். ஓட்டுநரும் நானும், முன்பக்கம் கயிறு பிடிக்கிற ஒருவரும்.

"மேடம், நான் ஒண்ணும் பொய் சொல்லல. ஸ்டேரிங்க சுத்திக்கினே கீறேன், போட்டு அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. கேட்டா ஓட்டத் தெரியலன்றாங்க," என்றார்.

"பாத்துடலாம்ணா," என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

அலைத்தடுப்புக் கற்களுக்கு நடுவே வெளியே போகும் வாயில் வந்தபோது அலாரம் அடித்தது. இடது கால் வலப்பக்கம் திரும்பிய நிலையில் நின்றுவிட்டது. படகு வலப்பக்கக் கற்களைப் பார்த்து வளைந்தது. அவர் சக்கரத்தை இடப்பக்கம் முழுக்கச் சுற்றிவிட்டு, காலுக்கு ஒன்றாக இருந்த இரண்டு என்ஜினையும் முறுக்கினார். அவுட்போர்டில் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். வேகம் இருந்தால்தான் அங்கே படகு பேச்சைக் கேட்கும். இங்கே முறுக்க முறுக்க, கோணலான கால் இன்னும் வேகமாகக் கல்லைப் பார்த்துத் தள்ளியது.

"முறுக்காதீங்க! ரெண்டையும் நியூட்ரல் போடுங்க!" என்று கத்தினேன்.

"நிறுத்துனா காத்து தூக்கிக் கல்லுல அடிச்சிடும் மேடம்!"

"போடுங்கன்னா போடுங்க!"

போட்டார். காற்று எங்களைக் கல் பக்கம் மெதுவாக நகர்த்தியது. முன்னால் இருந்தவர் நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கற்களில் ஒட்டியிருந்த சிப்பி தெரிந்தது. இந்த நேரத்தில் பலர் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவார்கள், நல்லாயிருக்கும் காலும் அதோடு செத்துவிடும். நான் இடது என்ஜினை மட்டும் அணைத்தேன்.

"இனி உங்களுக்கு ஒத்தக் கால்தான். வலது மட்டும். மெதுவாப் போனாத்தான் அது கேக்கும். செத்த கால் உங்கள வலது பக்கமே இழுக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி இடது பிடிங்க."

அவர் தலையாட்டினார். அதன் பிறகு என் பேச்சு தேவைப்படவில்லை. வலது என்ஜினைக் கொஞ்சம் பின்னுக்குப் போட்டுக் கல்லிலிருந்து விலகினார், நிறுத்தினார், காற்று என்ன செய்கிறது என்று பார்த்தார், பிறகு முன்னுக்குப் போட்டார். நொண்டியபடியே படகைத் திருப்பி, உள்ளே கொண்டுவந்து, ஜெட்டி டயரில் சத்தமில்லாமல் சாய்த்தார். எனக்கு மெஷின் தெரியும். அந்தக் கற்களுக்கு நடுவே அந்தக் காற்றில் என்னால் அதைச் செய்திருக்க முடியாது.

கட்டியதும் கட்டாததுமாக என்ஜின் அறை மூடியைத் திறந்து இறங்கினேன். எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்ற சந்தேகம் எனக்குள் வந்துவிட்டிருந்தது, காய்வதற்குள் பார்க்க வேண்டும். அவ்வளவு சுத்தமான என்ஜின் அறையை நான் பார்த்ததில்லை. துருவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இடது காலின் மோட்டாருக்கு வரும் வயர் கனெக்டரைக் கழற்றினேன். ரப்பர் மூடி ஒதுங்கியிருந்தது. உள்ளே தண்ணீர்.

இங்கேதான் முடிவு. கடல் தண்ணீர் கீழிருந்து ஏறியிருந்தால் அது மெஷின் தப்பு. நல்ல தண்ணீர் என்றால் யாரோ மேலிருந்து ஊற்றியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அது கூட இல்லை. லாரியில் வரும் குடிதண்ணீர்.

மேலிருந்து அவர் எட்டிப் பார்த்து, பெருமையாகவே சொன்னார்: "சாய்ங்காலம் வேலை முடிஞ்சா தெனம் குளிப்பாட்டிடுவேன் மேடம். ரப்பரத் தள்ளிட்டு உள்ளயும் ஊத்திடுவேன். உப்பு உக்காந்தா அரிச்சிடும்ல."

குப்பத்தில் கரையேறியதும் முதல் வேலை அதுதான். என்ஜினை டிரம்மில் இறக்கி, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, உப்பைக் கழுவிய பிறகுதான் தங்கள் கால் கையைக் கழுவுவார்கள். குடிக்கக் குடம் வரிசையில் நிற்கும் தெருவிலும் என்ஜினுக்கு நல்ல தண்ணீர் குறையாது. இவர் தினமும் ஊற்றினார். என்றைக்காவது அது வடியாமல் தேங்கினால், ராத்திரி ஊறியது காலையில் படகை நிறுத்தும், என்ஜின் சூட்டில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

நான் கனெக்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சொட்டியது. அவர் முகம் மாறியதைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்துகொண்டேன்.

மேனேஜர் ஜெட்டிக்கே வந்துவிட்டார். கனெக்டரில் தண்ணீர் என்றேன். "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா மேடம்?"

உப்பு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஓட்டுநரே சொன்னார். "நல்ல தண்ணி சார். நான் ஊத்துனது."

எனக்குக் கோபம் வந்தது. "ஆளை மாத்தினா புது ஆளும் ஊத்துவார் சார். ஊத்தாதன்னு இந்தப் படகுல எங்கயாவது எழுதியிருக்கா? இன்னிக்கு ஒத்தக் காலோட கல்லுல படாம உங்க படகைக் கொண்டாந்தது யாரு?" என்று ஜெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதரா என்று தெரியாது, கூச்ச சுபாவம் உள்ளவர். ஓட்டுநர் இருக்கட்டும் என்றார். ஆனால் என்ஜின் அறை மூடிக்குப் பூட்டு, சாவி ஆபீஸில். அவர் இனி உள்ளே இறங்கக் கூடாது.

சில மாதம் கழித்து சர்வீஸுக்குப் போய், சாவி வாங்கித் திறந்து, வேலை முடித்து மேலே வந்தேன். அவர் தளத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பூட்டை மடியில் வைத்து, குவளையில் நல்ல தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காலும் எப்டி கீது மேடம்?"

"நல்லா இருக்குண்ணா."

"யாருனா தொடைக்கிறாங்களா?"

உள்ளே எல்லாவற்றிலும் உப்பு பூத்திருந்தது. யாரும் தொட்ட மாதிரி இல்லை. அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கினேன். அவர் மூடியின் ஓரத்தில் வந்து, கால் உள்ளே படாமல் குனிந்து நின்றார்.

"தண்ணி தொடாதீங்க மேடம்," என்றார். "காஞ்ச துணிதான்."